போன மாசம் பார்த்த ஊற்று

பல்செட்டுக்காரருக்கு எதிர்த்துப் பேச வராது. இது வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தை ஒட்டி, அவருக்கென்று ஒரு சின்ன அறை. ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, ரேடியோ எல்லாவற்றின் மேலும் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு படிந்திருக்கும். மாடியில் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் மாவைக் குழைத்து அதில் ஊற்றி, இறுகியதும் பக்குவமாக உடைத்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, பார்த்துப் பார்த்துச் செதுக்குவார். முப்பது வருடக் கை. ஆனாலும் டாக்டர், “முன்பல்லு கொஞ்சம் நீளமா இருக்கே” என்றால், இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், “ஆமா டாக்டர்” என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒன்றுமே செய்யாமல் மறுநாள் அதையே அனுப்புவார். “இப்ப சரியா இருக்கு பாருங்க” என்பார் டாக்டர். இவர் அதற்கும் “ஆமா டாக்டர்” என்பார்.

வீட்டில் அந்த டாக்டரின் இடத்தில் இருந்தவர் மனைவியின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஊரே அவரை கேப்டன் என்று கூப்பிடும். பட்டாளத்துக்குப் போனவர் இல்லை. கல்லூரியில் வாலிபால் அணிக்குத் தலைவராக இருந்தார், அந்தப் பட்டம் அறுபது வயது வரை ஒட்டிக்கொண்டது. கூடவே அந்தக் குரலும். “மாப்ள, உனக்கு இதெல்லாம் தெரியாது. நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்” என்று கல்யாணப் பந்தலில் ஆரம்பித்தவர், இருபத்தாறு வருடமாக நிறுத்தவில்லை. எந்தத் தெருவில் வீடு, மகளுக்கு எந்தக் கல்லூரி, எல்லாம் அவர் முடிவுதான். பல்செட்டுக்காரருக்குப் பச்சை நிறமே பிடிக்காது. தினமும் காலையில் பச்சை டைல்ஸ் பதித்த குளியலறையில்தான் குளித்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரை வந்த பிறகு கேப்டன் ஒரு நடைக் குழு தொடங்கினார். ஞாயிறு தோறும் பூங்காவைச் சுற்றி ஆரம்பித்து, சின்னக் குன்றுகள் வரை போனார்கள். பலர் வந்து, பலர் கழன்றுகொண்டு, கடைசியில் நிலையாக நின்றவர்கள் ஐந்து பேர். கேப்டன், அவர் இழுத்து வந்த மாப்பிள்ளை, தினமும் எட்டுக் கிலோமீட்டர் நடந்தே கடிதம் கொடுக்கும் தபால்காரம்மா, தையல் கடை நடத்தும் அக்காவும் தங்கையும்.

அந்தக் கோடையில் கேப்டன் பெரிய மலையை அறிவித்தார். சனிக்கிழமை விடியற்காலை ஏறவேண்டும். உச்சிக்குக் கீழே இருக்கும் புல்வெளியில் இரவு தங்கல். ஞாயிறு சூரிய உதயத்தை உச்சியில் பார்த்துவிட்டு மதியத்துக்குள் இறங்கிவிடலாம். அவர் வீட்டுக் கூடத்தில் டீ குடித்துக்கொண்டே திட்டம் போட்டார்கள்.

“கோடைல மேல தண்ணி இருக்குமா சார்?” என்று தபால்காரம்மா கேட்டார்.

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நான்தான் போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை தனியாவே போய்ப் பாத்துட்டு வந்தேனே. புல்வெளிக்குப் பக்கத்துலயே ஊத்து. கட்டைவிரல் தண்டிக்குக் கொட்டுது. ஆளுக்கு மூணு லிட்டர் எடுத்துக்கிட்டா போதும், சும்மா சுமையக் கூட்டிக்காதீங்க.”

பல்செட்டுக்காரர் தலை நிமிர்ந்தார். போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை கேப்டன் மலையில் இல்லை. கடைவாய்ப்பல்லில் சீழ் வைத்து, கன்னம் பன் மாதிரி வீங்கி, மருத்துவமனைக்குப் பக்கம் என்பதால் இவர் வீட்டு உள்ளறையில் மூன்று நாள் படுத்திருந்தார். இவர்தான் டாக்டரிடம் சொல்லி முன்னதாக நேரம் வாங்கிக் கொடுத்தார். வெந்நீர் வைத்துக் கொடுத்தது இவர் மனைவி. மலையை முன்கூட்டிப் பார்த்து வருவதாகக் குழுவிடம் வாக்குக் கொடுத்திருந்த கேப்டனுக்கு, போகவில்லை என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு கணம் இருவர் கண்ணும் சந்தித்தன. கேப்டன் பார்வையை எடுக்கவில்லை. பல்செட்டுக்காரர்தான் டீ டம்ளருக்குள் பார்க்க ஆரம்பித்தார்.

சொல்லவில்லையே தவிர, மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு மூட்டை கட்டும்போது மூன்று பாட்டிலுக்குப் பதில் ஐந்தை அடியில் வைத்து, மேலே போர்வையைத் திணித்தார். “எதுக்குங்க இத்தனை?” என்று மனைவி கேட்டதற்கு, “வெயில் காலமாச்சே” என்றார். வாய் திறந்து சொல்ல முடியாததை முதுகில் சுமந்துகொள்ளலாம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். எட்டு மணி வரை மர நிழல். அதற்குப் பிறகு மரமே இல்லை. காய்ந்த புல்லும் பாறையும்தான். பத்து மணிக்குக் கையூன்றிய பாறை சுட்டது. பதினொரு மணிக்குத் தங்கை ஊன்றிய கையை “ஸ்ஸ்” என்று எடுத்து உதறினாள். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கேப்டன் எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடப் பெரிய மூட்டையோடு, திரும்பித் திரும்பிக் குரல் கொடுத்துக்கொண்டே ஏறினார். “குடிங்க குடிங்க, மேல ஊத்து இருக்கு! மிச்சம் பிடிச்சு என்ன செய்யப்போறீங்க?” ஆனால் அவர் மட்டும் அதிகம் குடிக்கவில்லை. தண்ணீர் குடித்தால் கால் கனக்கும் என்பது அவர் கட்சி.

அவர் குடிக்காததைப் பல்செட்டுக்காரர் கவனித்துக்கொண்டே வந்தார். ஊற்று இருக்கிறது என்று அவருக்கே நம்பிக்கை இல்லையோ? ஒருதரம் நெருங்கிப் போய், தணிந்த குரலில், “மச்சான், ஒருவேளை தண்ணி இல்லேன்னா...” என்று இழுத்தார்.

“மூணு வருஷம் முன்னாடி மழைக்காலத்துல எப்படிக் கொட்டிச்சு தெரியுமா? அதெல்லாம் வத்தாது. நீ பேசாம வா மாப்ள.”

மூன்றரை மணிக்குப் புல்வெளியை எட்டினார்கள். மூட்டைகளைப் போட்டுவிட்டு, வெறும் பாட்டில்களோடு ஊற்றுப் பாறைக்கு ஓடிய தங்கைதான் முதலில் பார்த்தாள். கத்தவில்லை. பாட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பாறையில் தண்ணீர் வழிந்த தடம் துருப்பிடித்த நிறத்தில் கீழே இறங்கியிருந்தது. இருபுறமும் பாசி காய்ந்து, பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து நின்றது. அடியில் ஒரு வெடிப்பைச் சுற்றி நாலைந்து தேனீக்கள். தபால்காரம்மா மண்டியிட்டு, கரண்டிக்காம்பால் அந்த வெடிப்பைத் தோண்டினார். ஒரு விரல் ஆழத்துக்கு ஈர மண் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

“போன மாசம் கட்டைவிரல் தண்டிக்குக் கொட்டிச்சுன்னு சொன்னீங்களே?” என்றாள் அக்கா. அவள் உதடு வெடித்து ரத்தம் கோடு போட்டிருந்தது.

“ஒரு மாசத்துல வத்திப்போகும்னு யாரு கண்டா?” கேப்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பயப்பட ஒண்ணுமில்ல. உச்சிக்குப் பின்னால இன்னொண்ணு இருக்கு. அதையும் பாத்தேன். முக்கால் மணி நேர ஏத்தம்.”

தபால்காரம்மா, எல்லோரிடமும் இருக்கிற தண்ணீரை முதலில் ஒரு இடத்தில் வைக்கலாம் என்றார். அக்காவிடம் அரை பாட்டில். தங்கையிடம் இரண்டு மடக்கு. தபால்காரம்மாவிடம் முக்கால். கேப்டனிடம் ஒன்றேகால் மிச்சமிருந்தது. பல்செட்டுக்காரர் தன் கால் பாட்டிலை வைத்துவிட்டு, போர்வையை உருவிப்போட்டு, திறக்காத இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார்.

“ஐயோ, தெய்வமே!” என்று தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தபால்காரம்மா அந்தப் பாட்டில்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“நானே போய் நிரப்பிட்டு வர்றேன்” என்று கேப்டன் எழுந்தார். எழுந்தவர் இரண்டு அடி வைத்து, திசை தெரியாதவர்போல் நின்றார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. “கடைச் சாவிய யாரு எடுத்தது?” என்று கேட்டார்.

“என்ன சாவி சார்?”

“ஷட்டர் இறக்கணும்ல. லாரி வந்துரும்...” முழங்கால் மடங்கியது. பல்செட்டுக்காரர் ஓடிப்போய்த் தாங்கினார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது உடம்பு. காலையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்த சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

பாறை நிழலுக்கு இழுத்துப் போட்டார்கள். கேப்டன் கண்ணைத் திறந்து திறந்து மூடினார். சொன்னது எதுவும் புரியவில்லை. ஒருமுறை வாந்தி எடுத்தார். அக்கா தண்ணீர் பாட்டிலை அவர் வாயருகில் கொண்டுபோக, தபால்காரம்மா தடுத்தார். “நெனவு சரியில்லாதப்ப வாயில ஊத்தக்கூடாது, மூச்சுக்குழல்ல போயிடும். உடம்பு சூட்டத்தான் எறக்கணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு.” அந்த ஒருத்தர் பிழைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சூட்டை இறக்குவது என்றால் தண்ணீர். இருந்ததோ மொத்தம் ஐந்து லிட்டர் கூட இல்லை. ஐந்து பேருக்கு ராத்திரி முழுக்க, மறுநாள் இறக்கம் முழுக்க அதுதான்.

தபால்காரம்மா ஷூ நாடாவை இறுக்கினார். “நான் மேல போறேன். முக்கால் மணி ஏத்தம்னா, ஆறு மணிக்குள்ள தண்ணியோட திரும்பிடுவேன். காலி பாட்டில எல்லாம் குடுங்க.” குடிப்பதற்கென்று தனக்கு ஒரு மடக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, ஏற்றத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

பத்து அடி. இருபது அடி. பல்செட்டுக்காரரின் மடியில் கேப்டனின் தலை கிடந்தது. அந்தம்மா வெயிலில் போய்ப் போய்ச் சின்னதாகிக்கொண்டிருந்தார்.

“போகாதீங்க!”

அவருக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை. தபால்காரம்மா நின்று திரும்பினார்.

“மேல ஊத்து இருக்கான்னு யாருக்கும் தெரியாது. மச்சான் போன மாசம் இங்க வரவே இல்ல. பல்லு வீங்கி எங்க வீட்டுல படுத்திருந்தாரு.”

தபால்காரம்மா இறங்கி வந்து அவர் எதிரில் நின்றார்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“அன்னிக்கே. அவர் சொன்னப்பவே.”

“அதான் ரெண்டு பாட்டில் கூட.”

அவர் தலையை ஆட்டினார்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் ரெண்டு பாட்டில் கூடக் கொண்டு வந்திருப்போம்ல சார்?” தபால்காரம்மா கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகக் கேட்டார். “எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இப்ப நான் மேல போயிருந்தா?”

அந்தம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “வர்ற வழியில, ரெண்டு பாறை சேர்ற இடத்துல என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. அங்க டவர் இருக்கு. இறக்கம்தான், அரை மணி” என்றபடி, மேலே போக எடுத்த பாட்டில்களைக் கீழே போட்டுவிட்டு, போனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கினார்.

பல்செட்டுக்காரர் திறக்காத பாட்டில் ஒன்றைத் திருகினார்.

“எவ்வளவு ஊத்தப் போறீங்க?” அக்கா பாட்டில்மேல் கை வைத்தாள். “நமக்கு வேணாமா? அவர் சொன்ன பொய்க்கு என் தங்கச்சி நாக்கு வறண்டு சாகணுமா?”

“அக்கா, சும்மா இரு” என்றாள் தங்கை.

“நீ இரு! கேக்கறதுல என்ன தப்பு?”

தப்பில்லை என்றுதான் அவருக்கும் பட்டது. “நியாயம்தாம்மா” என்றார். “ரெண்டு லிட்டர் அவருக்கு. இது நான் கொண்டு வந்தது, ரெண்டும் அவருக்கு. மிச்சம் உங்க மூணு பேருக்கு. எனக்கு வேணாம்.” அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தன் துப்பட்டாவை உருவி அவர் பக்கம் எறிந்தாள்.

சட்டையைக் கழற்றினார்கள். மாவுக்கு எத்தனை சொட்டுத் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த கை. ஒரு பொட்டுத் தண்ணீர் மண்ணில் விழவில்லை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று நனைத்த துணியை வைத்தார். தங்கை படுக்கை விரிப்பை நாலாக மடித்து விசிறினாள். அவள் கை ஓய்ந்ததும் அக்கா வாங்கிக்கொண்டாள். கேப்டனின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. “மச்சான்! மச்சான், கண்ணைத் திறங்க!” என்று கன்னத்தில் தட்டினார். இருபத்தாறு வருடத்தில் அன்றுவரை அந்த மனிதரை அவர் தொட்டதே கிடையாது. இப்போது தட்டிய தட்டில் விரல் பதிந்துவிட்டது.

முதல் பாட்டில் தீர்ந்தது. இரண்டாவதைத் திறந்தார். சூரியன் பக்கத்து முகட்டுக்குப் பின்னால் போனதும் எங்கிருந்தோ காற்று வந்தது. ஈரத் துணியில் அது பட, விசிறிக்கொண்டிருந்த அக்கா, “காத்து, காத்து வருது” என்று முணுமுணுத்தாள். பல்செட்டுக்காரர் கேப்டனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடுதான். ஆனால் முன்புபோல் கையைச் சுடவில்லை.

தபால்காரம்மா ஆறரைக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மீட்புக் குழுவினர் அடிவாரத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள். நாலு மணி நேரமாவது ஆகும். போனில் பேசிய டாக்டர் நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்தவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இருட்டிய பிறகு கேப்டன் முனகுவதை நிறுத்தினார். எல்லோரும் பயந்துபோய்க் குனிந்தார்கள். அவர் தெளிவாக, “குளிருது” என்றார். பிறகு, “தண்ணி” என்றார். பேர் கேட்டார்கள், சொன்னார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார்கள், சற்று யோசித்து, “மலைல” என்றார். பாட்டில் மூடியில் ஊற்றி, மூடி மூடியாகக் குடிக்க வைத்தார்கள்.

தபால்காரம்மா அதே மூடியை நிரப்பிப் பல்செட்டுக்காரரிடம் நீட்டினார். வேண்டாம் என்று கையசைத்தார்.

“குடிங்க. நீங்களும் விழுந்தா தூக்கறது யாரு?” குரலில் கனிவு இல்லை. குடித்தார்.

பத்தரைக்குக் கீழே விளக்குகள் தெரிந்தன. ஆறு பேர், முதுகில் தண்ணீர், தூக்குக் கட்டில். பொழுது விடிந்ததும் கேப்டனைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள்.

கேப்டனுக்குச் சிறுநீரகம் அடிபட்டிருந்தது. பதினொரு நாள் மருத்துவமனை. முதல் நாள் மாலை, வராந்தா பெஞ்சில், பல்செட்டுக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். “வெந்நீர் வச்சுக் குடுத்தவ நான். எனக்கும் தெரியும்ல, அண்ணன் போகலன்னு” என்றாள். “அண்ணன் விஷயத்துல நாம எதச் சொல்லியிருக்கோம்?”

வீட்டுக்கு வந்த பிறகு கேப்டனைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. தலையணையில் சாய்ந்தபடி கேப்டன் சொல்லிக்கொண்டிருந்தார்: “நாங்க போறதுக்கு நாலு வாரம் முன்னாடி பாத்த ஊத்து. அப்படியே வத்திக் கெடக்கு. இயற்கைய யாரு என்ன செய்ய முடியும்?”

“நீங்க போகல மச்சான்” என்றார் பல்செட்டுக்காரர்.

கேப்டனின் மனைவி கையில் டம்ளர்களோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கேப்டன் அவரை உற்றுப் பார்த்தார். இந்த முறை பல்செட்டுக்காரர் கண்ணை எடுக்கவில்லை.

“ஆமா” என்றார் கேப்டன் கடைசியில். “போகல.” பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. தையல் கடை அக்கா, மன்னிப்புக் கேட்கப் போன பல்செட்டுக்காரரிடம் தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமலே, “சரி சார், வேலை கெடக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தபால்காரம்மா குழுவைத் தொடர்ந்து நடத்தினார். பல்செட்டுக்காரரை முதல் இரண்டு ஞாயிறு கூப்பிடவில்லை, மூன்றாவது ஞாயிறு கூப்பிட்டார். கூப்பிட்ட இடத்துக்கு அவர் போனார். பேச்சு அளவோடுதான்.

மழை தொடங்கியபோது ஒருநாள் மாலை கேப்டன், இளைத்துப்போய், கைத்தடியோடு, அந்த மாவு படிந்த அறைக்கே வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார் பல்செட்டுக்காரர்.

“இப்ப தண்ணி கொட்டும்” என்றார் கேப்டன். “ஒரே ஒரு தடவை, உச்சி வரைக்கும். நாம ரெண்டு பேரு மட்டும். நீ என்ன சொல்ற மாப்ள?”

அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து பல்செட்டுக்காரர் கேட்டதே இல்லை. கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

“வேணாம் மச்சான். உங்க உடம்பு தாங்காது. நான் வரமாட்டேன், உங்களையும் போக விடமாட்டேன்.”

கேப்டனுக்குக் கோபம் வந்தது. அது முகத்தில் ஏறி, இறங்காமல் அப்படியே நின்றது. கைத்தடியை ஊன்றி எழுந்தார். “டாக்டரும் அதையேதான் சொல்லித் தொலைக்கிறான்” என்று சொல்லிவிட்டு, மழையில் நனைந்தபடி ஸ்கூட்டர்களுக்கு நடுவே மெதுவாக நடந்து போனார். பல்செட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.